புதுப்பிப்பு: 74ஹெச்சி14-க்குப் பதில் 74ஹெச்சிடி14 போட்டால் அதிர்வெண் ஏன் ஏறுகிறது

முந்தைய பதிவின் கேள்வி: 10 கிலோஓம் ரெசிஸ்டர், 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் வைத்த ஷ்மிட் ஆசிலேட்டரில் (கப்பாசிட்டரை மாறி மாறி ஏற்றி இறக்கிச் சதுர அலை தரும் சர்க்யூட்) இன்வெர்ட்டர் சிப்பை மட்டும் மாற்றினால் 1.1 கிலோஹெர்ட்ஸ் ஏன் 1.5-ஐத் தொடுகிறது?

இரண்டு சிப்பின் கால்களின் அமைப்பும் ஒன்றுதான், த்ரெஷோல்டு (அவுட்புட் நிலை மாறும் இன்புட் வோல்டேஜ்) வேறு. 4.5 வோல்ட் சப்ளையில் டேட்டாஷீட்டின் வழக்கமான மதிப்புகள்: ஹெச்சி மேலே 2.38, கீழே 1.4 வோல்ட்; ஹெச்சிடி 1.41, 0.85. ஹிஸ்டெரிசிஸ், அதாவது மேல், கீழ் த்ரெஷோல்டுக்கு இடையிலான இடைவெளி, 0.98-லிருந்து 0.56-க்குச் சுருங்குகிறது; கப்பாசிட்டர் ஏறி இறங்க வேண்டிய அளவு குறைகிறது. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 0.91 மில்லிசெகண்ட், 0.67 ஆகிறது.

ரெசிஸ்டரை 13.5 கிலோஓம் ஆக்கினால் அதிர்வெண் திரும்பிவிடும். ஆனால் ட்யூட்டி (ஒரு சுற்றில் அவுட்புட் உயர்நிலையில் இருக்கும் பங்கு) திரும்பாது: ஹெச்சிடியின் இரண்டு த்ரெஷோல்டுமே கிரவுண்டுப் பக்கம் ஒதுங்கியிருப்பதால் அவுட்புட் 25 சதவீத நேரமே உயர்நிலையில் நிற்கும். ஹெச்சியில் அது 42.

இதே வேலை செய்யும் பழைய டிடிஎல் வகைச் சிப்பான எல்எஸ்14 இந்தச் சர்க்யூட்டுக்கு ஆகவே ஆகாது. அதன் இன்புட்டிலிருந்து வெளிவரும் மின்னோட்டம் 10 கிலோஓமில் பாய்ந்தால் கப்பாசிட்டர் 0.8 வோல்ட்டுக்கு இறங்காமல் அப்படியே நின்றுவிடலாம்; சில நூறு ஓம்தான் அதற்குச் சரி.

இன்னொன்று, ஹெச்சி14-இன் ஹிஸ்டெரிசிஸே சிப்புக்குச் சிப் 0.4 முதல் 1.4 வோல்ட் வரை மாற டேட்டாஷீட் அனுமதிக்கிறது. துல்லியம் வேண்டுமென்றால் 10 கிலோஓமை 8.2 ஆக்கி, தொடரில் 5 கிலோஓம் ப்ரீசெட் (திருகி மதிப்பைச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) வையுங்கள்.