மறு: வெர்ஷனுக்கும் ரிலீஸுக்கும் தனித்தனிச் சொல் வேணும்

வணக்கம். நம்ம வீடியோ மென்பொருளோட டவுன்லோட் பக்கத் தமிழாக்கம் நாளைக்கு ராத்திரிக்குள்ள போயாகணும், ரெண்டே வரி இழுத்துக்கிட்டு நிக்குது. மேல பொத்தான்ல "சமீபத்திய பதிப்பு", கீழ பட்டியலுக்கும் "பதிப்புகள்"னே போட்டிருக்கோம். பொத்தானை அமுக்குனா பீட்டா, அதாவது இன்னும் சோதனையில இருக்கிறது, இறங்குது, தேதிப்படி அதுதானே புதுசு. சரி நிலையானதை எடுப்போம்னு பட்டியலுக்கு வந்தா முதல்ல நிக்கிறது 3.9, அதுக்கப்புறம் வந்த 3.10 எழுத்து வரிசையில அடுக்குனதால அடியில 3.1 பக்கத்துல கிடக்கு. வரிசையை நிரலர்கள் பாத்துக்குவாங்க, சொல்லை நாமதான் பாக்கணும். வெர்ஷன் பதிப்பு, சரி. ரிலீஸ்?

---

வெளியீடு. புழக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு ஏன் தேடுறீங்க?

---

> வெளியீடு

அது அவுட்புட்டுக்குப் போயிடுச்சு ஐயா, உள்ளீடு வெளியீடுன்னு பாடப்புத்தகத்துலயே இருக்கு. நம்ம மெனுலயே "வெளியீட்டுக் கோப்புறை"ன்னா வீடியோ சேமிக்கிற இடம், அதுக்கு ரெண்டு வரி கீழ "வெளியீட்டுக் குறிப்புகள்"னு வந்தா படிக்கிறவர் என்ன நினைப்பார்? விடுபதிப்புன்னு வைக்கலாம். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

---

விடுபதிப்புன்னா விட்டுப்போன பதிப்புன்னுதான் நான் படிப்பேன். ஆனா விடுங்கிற வேரைப் பிடிச்சது சரி. வெளியீட்டுல இருக்கிறது இடு, வெளியில இடுறது, அவ்வளவுதான். சுடு சூடாகுது, கெடு கேடாகுது, அதே மாதிரி விடு நீண்டு வீடு. அறம் பொருள் இன்பம் வீடுங்கிறோமே, அந்த வீடு ரிலீஸேதான்! "வீடுகள்"னே வைங்க. அப்படியே சமீபத்தையும் எடுத்துட்டு அண்மைன்னு போடுங்க, சமீபம் வடசொல்.

---

ஐயா, இலக்கணம் சரிதான், மறுக்கலை. ஆனா வலைப்பக்கத்துல "வீடு"ன்னு ஒரு இணைப்பு இருந்தா எல்லாரும் முகப்புக்குப் போகத்தான் அமுக்குவாங்க. அண்மையும் சமீபமும் ஒண்ணுதான், ரெண்டுமே பீட்டாவைத்தான் நீட்டும், வர்றவருக்கு வேண்டியது புதுசு இல்ல, நம்பி நிறுவக்கூடியது.

இன்னொண்ணு. உபுண்டு இயங்குதளம் 24.04னா 2024 ஏப்ரல்னு எண்ணே சொல்லிடுது. பைத்தான் நிரல்மொழியோட 3.10, 2021ல வந்ததுன்னு எண்ணைப் பாத்துத் தெரியாது. அதனால பட்டியல்ல எண்ணும் நாளும் தனித்தனிப் பத்தியா (காலம், column) வரணும், அங்க பெயர்ச்சொல்லே வேண்டாம், பெயரெச்சம் போதும். பட்டியலுக்கு "வெளியான பதிப்புகள்", பத்திக்கு "வெளியான நாள்", பொத்தானுக்கு "பரிந்துரைக்கும் பதிப்பு", பீட்டாவுக்கு "சோதனைப் பதிப்பு". மெனுல இருக்கிறதையும் "சேமிக்கும் கோப்புறை"ன்னு மாத்திட்டா மோதல் தீந்துது.

---

சம்மதம். அனுப்பிடுங்க.

---

எனக்கும் சரி, தூக்கம் வருது.

---

எனக்குச் சம்மதமில்லைன்னு பதிவு பண்ணிக்கிறேன். ரிலீஸ் ஒரு பெயர்ச்சொல், பெயரெச்சத்தை வச்சு எத்தனை இடத்துல தாண்டுவீங்க? அடுத்து 4.0க்கு ரிலீஸ் கேண்டிடேட், அதாவது வெளியிடுறதுக்கு முன்னாடி கடைசியாச் சோதிக்கிற பதிப்பு, வருது. அதை "வெளியான"ன்னு சொல்ல முடியாது, அது இன்னும் வெளியாகவே இல்லையே.