மகளின் விடைதான் உண்மைக்கு நெருக்கம். பிறகு ஏன் தவறு?

கரூர் அம்மா:
வணக்கம். என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நேற்று அவள் கணக்கு நோட்டில் ஒரு விடையைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். "344, 273 ஆகிய எண்களைப் பத்துகளுக்கு முழுதாக்கி, கூடுதலை உத்தேசமாகக் காண்க" என்பது கேள்வி. இவள் எழுதியது 620. பக்கத்தில் 610 என்று திருத்தியிருக்கிறார்கள்.

எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நோட்டின் ஓரத்தில் பென்சிலால் இரண்டையும் கூட்டி 617 என்று கண்டுபிடித்தாளாம். அதை 620 ஆக்கிவிட்டு, பென்சில் கணக்கை ரப்பரால் அழித்துவிட்டாளாம். அழித்த தடம் இன்னும் தெரிகிறது. "அம்மா, உண்மையான விடை 617. டீச்சர் விடை ஏழு தள்ளி இருக்கிறது. என் விடை மூன்றுதான் தள்ளி இருக்கிறது. எனக்கு ஏன் தப்பு?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்லும் பிள்ளை. ஆனால் "சுமார் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டால் முகம் வாடிவிடுகிறது. 347-ஐ நூறுகளுக்கு முழுதாக்கச் சொன்னால், முதலில் 350, அதிலிருந்து 400 என்கிறாள். இதை எப்படிப் புரியவைப்பது?

ஓய்வுபெற்ற டீச்சர், திண்டுக்கல்:
அம்மா, முதலில் அவள் கேட்டது நியாயமான கேள்வி என்று அவளிடமே சொல்லிவிடுங்கள். தன் விடை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து பார்க்கும் பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முழுதாக்கிவிட்டுக் கூட்டச் சொன்னார்கள், அவள் கூட்டிவிட்டு முழுதாக்கினாள். தவறு அவ்வளவுதான்.

31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். இந்த ரப்பர் தடத்தை எத்தனையோ நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். சரியான விடையை அரை நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிகிற பிள்ளைக்கு உத்தேசம் எதற்கு என்று தோன்றத்தானே செய்யும்? அதனால் கூட்டிப் பார்க்க வழியே இல்லாத இடத்தில் தொடங்குங்கள். ஒரு டம்ளர் நிறையப் புளியங்கொட்டை வையுங்கள். எத்தனை இருக்கும் என்று முதலில் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும். பிறகு ஒரு பிடி அள்ளி, அந்தப் பிடியை மட்டும் எண்ணட்டும். டம்ளரில் எத்தனை பிடி இருக்கிறது என்று பார்த்து, இரண்டாவது முறையாக ஒரு மதிப்புச் சொல்லட்டும். முழுவதையும் எண்ணுவது கடைசியில்தான்.

347-க்குத் துணிக்கொடிதான் மருந்து. கொடியின் இந்த முனையில் 300, அந்த முனையில் 400, நட்டநடுவில் 350 என்று தாளில் எழுதி கிளிப்பால் மாட்டுங்கள். 347-ஐ அவள் கையில் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். நடுக் கிளிப்புக்குச் சற்று முன்னால், 300 பக்கம் வந்து நிற்கும். 350 ஆக்கிவிட்டு மறுபடி முழுதாக்கினால், எண் நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போய்விடுகிறது என்பதை அவளே பார்ப்பாள். எந்த இடத்துக்கு முழுதாக்கினாலும், தொடங்கிய எண்ணிலிருந்து ஒரே தாவல்தான்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள், இது ஆயுளுக்கும் உதவும். 816-ஐ 4-ஆல் வகுக்கச் சொன்னால், நடுவில் வரும் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு 24 என்று எழுதாத வகுப்பையே நான் பார்த்ததில்லை. "800-ஐ நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 200 வருமே, 24 எப்படி வரும்?" என்று ஒரு நொடி யோசித்தால் தவறு பிடிபட்டுவிடும், 204 கிடைத்துவிடும். உத்தேசம் கணக்குக்கு முன்னால் வர வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

மளிகைக்கடைக்காரர்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. எதற்காக மதிப்பிடுகிறோம் என்பதையும் குழந்தைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் கடை பில்லில் 328.60 வந்தால் 329 ஆக்குவோம், 328.40 வந்தால் 328. இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும் அல்லவா? 25 காசும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாமல் போனதால் வேறு வழியும் இல்லை. ஆனால் கடைக்குக் கிளம்பும்போது பையில் எவ்வளவு பணம் வேண்டும் என்பது வேறு கணக்கு. அடுத்த முறை மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கணக்கை அவளே போடட்டும்.

கரூர் அம்மா:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். புளியங்கொட்டையைப் பார்த்ததும் "நூறு" என்றாள். அவள் கைப்பிடியில் 22 இருந்தது. டம்ளரில் ஒன்பது பிடி. "இருபது இருபதாக ஒன்பது தடவை, 180. பிடிக்கு இரண்டை விட்டுவிட்டேன், அதனால் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும்" என்றாள். தரையில் பரப்பி எண்ணினோம், 194. அவள் துள்ளிக் குதித்ததைப் பார்த்திருக்க வேண்டும். கூட இருக்கும் என்று யாரும் சொல்லித்தராமல் அவளே சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

சனிக்கிழமை கடைக்குப் போனோம். நான்கு பொருள்கள்: 68, 43, 124, 94. பள்ளியில் சொன்னபடி 70, 40, 120, 90 என்று மாற்றி, 320 ரூபாய் போதும் என்று அவ்வளவுதான் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பில் 329. ஒன்பது ரூபாயை நான் கொடுத்தேன். வழியெல்லாம் பேசாமல் வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "அம்மா, ஒன்றுதான் மேலே போனது, மூன்று கீழே போய்விட்டது. பணம் எடுக்கும்போது எல்லாவற்றையும் மேலேயே தள்ள வேண்டும். 350 எடுத்திருக்க வேண்டும்."

டீச்சர், இப்போது அடுத்த கேள்வி கேட்கிறாள். 45 நட்டநடுவில்தானே இருக்கிறது, அது ஏன் 50 ஆக வேண்டும், 40 ஏன் ஆகக் கூடாது என்கிறாள்.

ஓய்வுபெற்ற டீச்சர், திண்டுக்கல்:
அவள் சொல்வது சரிதான், 45 இரண்டுக்கும் சம தூரம். ஐந்து வந்தால் மேலே என்பது எல்லோரும் ஒரே விடை எழுத வேண்டும் என்று வகுத்துக்கொண்ட வழக்கம். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. 352-ஐ நூறுகளுக்கு முழுதாக்கும்போது, பத்தாமிடத்தில் 5-ஐப் பார்த்ததுமே 400 என்று சொல்லிவிடலாம், ஒன்றாமிடத்தைப் பார்க்கவே வேண்டாம். கொடியில் 350, 351, 352 மூன்றையும் மாட்டச் சொல்லுங்கள்.