அவுட்பேக்கா, ஃபாரஸ்டரா? யோசனை சொல்லுங்கள்

மெல்பர்னில் இருக்கிறேன். போன மாதம் கிராம்பியன்ஸ் மலைப் பக்கம் மண்சாலையில் போனபோது, எங்கள் சின்னக் காரின் அடிப்பாகம் கல்லில் உரசிய சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. பின்னால் குழந்தைகள் வேறு. நான்கு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் வண்டி வாங்கியே ஆக வேண்டும்.

பழைய சுபாரு அவுட்பேக் 2018, இல்லையென்றால் ஃபாரஸ்டர் 2019. தரை இடைவெளி 213 மி.மீ., 220 மி.மீ.; பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அவுட்பேக் நீளம். பின்சீட்டை மடக்கினால் கால் நீட்டிப் படுக்கலாம், மனசு அதில்தான் இருக்கிறது. சரி, அந்த நீளத்தால் மேடேறி இறங்கும்போது வண்டியின் வயிறு தரையில் தட்டுமா? நீண்ட ஏற்றத்தில் இவற்றின் சிவிடி கியர்பாக்ஸ் (படிப்படியான கியர் இல்லாமல் தானாக மாறுவது) சூடேறுமா? ஆறு கடக்கப் போவதில்லை. சரளை, கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்தவர்கள் என்ன டயர் போட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.