புதுப்பிப்பு: ஸ்கிட் ஸ்டியருக்குப் பழைய புதர்வெட்டி வாங்கும் முன் பார்த்தவை

எங்கள் ஸ்கிட் ஸ்டியர் லோடருக்கு (முன்புறத்தில் வெவ்வேறு கருவிகளை மாற்றி மாட்டக்கூடிய சிறிய இயந்திரம்) பழைய புதர்வெட்டி ஒன்றை வாங்கலாமா, மாட்டும் தகடு பொருந்தினால் போதுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போதாது என்பது நேரில் பார்த்தபோது தெளிவாகிவிட்டது.

தகடு, இத்தகைய வண்டிகளில் கருவிகளை மாட்டுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 24410 அளவுதான்; உடனே பொருந்தியது. ஆனால் அந்த வெட்டியின் மோட்டாருக்கு நிமிடத்துக்கு 110 லிட்டருக்கு மேல் ஹைட்ராலிக் ஆயில் வேண்டும். எங்கள் வண்டி தருவது 75 லிட்டர்தான் என்பதால், பிளேடு சுழன்றாலும் தடித்த செடித்தண்டில் பட்டவுடன் திணறி நின்றுவிடும். இதைவிட முக்கியமானது, மோட்டாரின் உள்கசிவு ஆயிலை அழுத்தமின்றி டாங்கிக்குத் திருப்பும் தனிக் குழாய்க்கு எங்கள் வண்டியில் இணைப்பே இல்லை. அதை அடைத்துவிட்டு ஓட்டினால் மோட்டார் அச்சைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும் என்பதை, பழையது வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் தயவுசெய்து மனத்தில் கொள்ளுங்கள்.

எடையையும் பார்த்தேன். சக்கரங்களில் ஓடும் ஸ்கிட் ஸ்டியரின் சுமைத் திறன், கவிழும் எடையில் (வண்டி முன்பக்கம் சாயத் தொடங்கும் சுமையில்) பாதியாகக் கணக்கிடப்படுகிறது. பக்கெட்டைவிடக் கனமான இணைப்பு அதையும் குறைத்துவிடும்.

அந்த வெட்டியை விட்டுவிட்டேன். 75 லிட்டரிலேயே இயங்கும் வேறொன்று கிடைத்திருக்கிறது. அதன் கியர் மோட்டாருக்குத் தனிக் குழாய் தேவையில்லை என்று கையேட்டிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் வண்டியில் மாட்டி, ஆயில் சூடேறும்வரை ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுப்பேன்.