புலமைப்பரிசில் ஒத்திகைக்கு முகம் தெரியாத ஆக்கள் வேணும்

வணக்கம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்துப் பிள்ளையளுக்கு ஒத்திகை வைக்கிறம். வினாத்தாள் கைவசம் இருக்கு. தேவைப்படுறது ஆக்கள்: பிள்ளையளுக்கு முன்பின் தெரியாத மூன்று பேர், மேற்பார்வைக்கு, ஒரு சனிக்கிழமை காலமை.

ஏன் தெரியாத ஆக்கள்? சொந்த ரீச்சரிட்ட "ஒண்டுக்குப் போகவேணும்" எண்டு கேக்கிற பிள்ளை, புது முகத்தைக் கண்டால் வாய் திறக்காது. காலை இறுக்கிக்கொண்டிருந்து கடைசிக் கேள்வியள் எல்லாத்தையும் கோட்டை விடும். கை உயர்த்திக் கேக்கப் பழக்கவேணும்.

மற்றது நேரம். ஒரு தாளில 60 நிமிசத்துக்கு 40 கேள்வி. மற்றதில 75 நிமிசத்துக்கு 60. முதல் தாளில ஒரு கேள்வியோட ஆறு நிமிசம் மல்லுக்கட்டினால் நாலு கேள்வியின்ர நேரம் போச்சு. தெரியாததுக்குப் பக்கத்தில சின்னப் புள்ளி வைச்சுத் தாண்டு எண்டால், அழிறப்பரை எடுத்துத் தாள் கிழியுமட்டும் தேய்க்குதுகள்! முள்ளு உள்ள பெரிய சுவர் மணிக்கூடு ஒண்டும் வேணும். கன பிள்ளையளுக்குப் போனில இலக்கம் பாத்துத்தான் பழக்கம்.

வாறவை ஒருத்தற்ர புள்ளியையும் சத்தமா வாசிக்கக்கூடாது. பெற்றோரை யன்னலுக்குள்ளால எட்டிப்பாக்க விடவும் கூடாது, அதுதான் கஷ்டமான வேலை.

வரக்கூடிய ஆக்கள் எந்தச் சனி எண்டு கீழ போடுங்கோ.