செயற்கை மொழி: குறிலில் இறங்குதொனி நிற்குமா?

நான் உருவாக்கும் மொழியில் 'பதி' வடிவச் சொற்கள் நான்கு. ப, த இரண்டும் ஒலிப்போடு, அதாவது தொண்டை அதிர்வோடு வரலாம் (பஸ்ஸில் வரும் ப போல), இல்லாமலும் வரலாம்.

விதிகள் வரிசையாக: அடுத்த அசையின் இகரத்தால் அகரம் எகரமாகிறது; ஒலிப்புள்ள மெய் தன் அசையில் தாழ்தொனியை (தொனி: சொல்லைப் பிரித்துக்காட்டும் குரல் ஏற்ற இறக்கம்) விட்டுச்சென்று ஒலிப்பை இழக்கிறது, மற்றதற்கு உயர்தொனி; கடைசி இகரம் விழுகிறது. நான்கும் 'பெத்'!

விழுந்த இகரத்தின் தொனியை எகரத்தில் ஏற்றியதும் உயர், தாழ், ஏறு, இறங்கு எனப் பிரிந்தன. ஏறுதொனி பரவாயில்லை, வியட்நாமியத்தில் இதே இடத்தில் உண்டு. வல்லினத்தில் முடியும் குறிலில் இறங்குதொனிதான் உதைக்கிறது. நீட்டினால் பழைய 'பேத்'தோடு மோதுகிறது. உயர்தொனியாகத் தட்டையாக்கினால் இரண்டு சொல் ஒன்றாகிவிடுகிறது.

பழைய ஏகாரத்தை முதலில் ஈகாரமாக்கிவிட்டு, இறங்குதொனிக் குறிலை மட்டும் நீட்டுவது இயற்கை மொழிகளில் நடக்கக்கூடிய மாற்றமா?