அபிலியேட் மார்க்கெட்டிங்: தமிழில் என்ன சொல்வது?

மஞ்சக்குப்பம், கடலூர்:

சொல்லாக்கக் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் எனக்கு ஒரு சொல் வேண்டும். மகளிர் குழுவில் 22 பேருக்கு, வீட்டிலிருந்தே இணையத்தில் சம்பாதிப்பது பற்றி வகுப்பு எடுக்கிறேன். கையேடு அச்சுக்குப் போகிறது. அபிலியேட் மார்க்கெட்டிங் பாடத்துக்குத் தலைப்பு மட்டும் காலியாக இருக்கிறது.

ஒரு கடையின் பொருளைப் பற்றி எழுதுகிறோம், வீடியோ போடுகிறோம். கீழே நம் அடையாள எண் பொதிந்த லிங்க் கொடுக்கிறோம். அதன் வழியாகப் போனவர் வாங்கினால், விலையில் இத்தனை சதவீதம் என்று கடை நமக்குத் தருகிறது. சரக்கு வாங்கி அடுக்க வேண்டாம், பார்சல் கட்ட வேண்டாம். அமேசான் 1996லேயே தொடங்கிய முறை.

பழைய கையேட்டில் 'இணைப்புச் சந்தைப்படுத்தல்' என்று இருந்தது. போன மாதம் அதை வைத்துக் கரும்பலகையில் எழுதினேன்: 'இணைப்புச் சந்தைப்படுத்தலில் இணைந்து, இணைய இணைப்பு வழியாக உங்கள் இணைப்பை இணைக்கவும்.' முன்வரிசையில் ஒரு அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டார். வகுப்பு முடிந்ததும் வந்து, "எவ்வளவு கட்டி இணையணும் டீச்சர்?" என்று கேட்டார். ஏற்கெனவே எங்கோ 5,000 ரூபாய் கட்டி 'இணைந்து', இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டால்தான் பணம் என்று சொல்லப்பட்டு ஏமாந்தவர் அவர். இணைதல் என்றாலே அவருக்கு அந்தக் காசுதான் நினைவுக்கு வருகிறது. அமேசான் போன்ற திட்டங்களில் சேரக் காசு கிடையாது, ஆள் சேர்த்தாலும் காசு கிடையாது. பொருள் விற்றால்தான் வரும். சொல்லைப் படித்தாலே இது விளங்க வேண்டும். உதவுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்:

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. முதலில் வேரைப் பார்ப்போம். அபிலியேட் என்பதன் லத்தீன் மூலத்தில் இருப்பது மகன் என்னும் சொல். பிள்ளையாக ஏற்றுக்கொள்வது என்பதே பழைய பொருள். தத்து எடுப்பது போன்றது. தமிழில் உறவுக்குக் கேள், கேளிர், கிளை, கிளைஞர் என்று ஒரு சொற்கூட்டமே உண்டு. கேள், கிளை இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் துணிபு. ஆகவே 'கிளைமை வணிகம்' என்று ஆக்கலாம்.

ஆனால் இதைவிடப் பொருத்தமானது நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇச் சென்றுபயன் எதிரச் சொன்ன பக்கமும்' என்கிறது தொல்காப்பியம். பரிசு பெற்றுத் திரும்புகிறவன், பெறாதவனிடம் இன்னாரிடம் போ, இந்த வழியில் போ என்கிறான். ஆற்றுப்படை என்பது இதுதான். நீங்கள் சொல்லும் லிங்க் அதுதானே! சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் நமக்கு அயலூர்க்காரனும் இல்லை. அவனுடைய 'கிடங்கில்' என்னும் ஊர் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் பக்கம் என்பார்கள். பாணன் நடந்த வழியில்தான் நாம் இன்று பஸ்ஸில் சென்னைக்குப் போகிறோம். 'ஆற்றுப்படை வணிகம்' என்று வையுங்கள். பிள்ளைகளுக்கு இலக்கியமும் போய்ச் சேரும்.

லாசுப்பேட்டை, புதுச்சேரி:

ஐயா, ஆற்றுப்படை அழகான ஒப்பீடு, மறுக்கவில்லை. ஆனால் ஆற்றுப்படுத்துநர் என்ற சொல்லை மனநல ஆலோசகருக்கு எழுதத் தொடங்கி நாளாகிவிட்டது. கிளை என்றால் எல்லோருக்கும் வங்கிக் கிளை. அப்புறம், பாணன் நல்லியக்கோடனிடம் சதவீதம் வாங்கவில்லை. காசு கைமாறுவது இந்தத் தொழிலின் உயிர். அதை விட்டுவிட்டு எப்படிப் பெயர் வைப்பது?

நான் மென்பொருள்களைத் தமிழாக்குகிறவன். அந்த 22 பேரும் போனைத் திறந்தால் திரையில் அபிலியேட் என்றுதான் இருக்கும். தமிழ் எழுத்தில் அபிலியேட் என்றே போடுங்கள். பஸ், பேங்க் எல்லாம் அப்படித்தானே வந்தன?

திருப்பாதிரிப்புலியூர்:

தம்பி, பேருந்தும் வங்கியும்கூட வந்தன. யாரோ ஒருவர் முதல் நாள் எழுதியதால்தான் வந்தன.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

காசு கைமாறுவது பற்றிப் பேச்சு வந்ததால் எங்கள் ஊர்க் கதை ஒன்று. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த பதவியைத் தமிழர்கள் துபாஷி என்றோம். பிரெஞ்சுக்காரர்கள் கூர்த்தியே என்றார்கள். இரண்டு சொல்லும் ஒரே ஆளை இரண்டு பக்கமிருந்து பார்க்கின்றன. துபாஷி என்றால் இரண்டு மொழி பேசுகிறவர். கூர்த்தியே என்றால் தரகர். இன்றைய பிரெஞ்சிலும் அதே பொருள்தான். 1736இலிருந்து அவர் எழுதிய நாட்குறிப்பில் துணி வியாபாரமும் கப்பல் வரத்தும் பக்கம் பக்கமாக வரும். வியாபாரியையும் கம்பெனியையும் சேர்த்துவைப்பதே அவர் வேலை. நமக்கு ஏன் தரகு என்று சொல்ல இத்தனை கூச்சம்?

பண்ருட்டி:

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் கமிஷன் மண்டி. பலா சீசனில் விவசாயி வண்டியில் காய் கொண்டுவந்து இறக்குவார். விற்றுக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்வோம். சரக்கு எங்கள் களத்தில் கிடக்கும், வெம்பினாலும் அழுகினாலும் பேச்சு எங்களுக்குத்தான். தரகர் அப்படி இல்லை. வெளியூர் வியாபாரியை அழைத்து வந்து, காயைத் தட்டிக் காட்டி, விலை படிந்ததும் தன் பங்கை வாங்கிக்கொண்டு போவார். சரக்கை அவர் தொட்டு வைப்பதே இல்லை. டீச்சர் சொல்வதைப் பார்த்தால் இது மண்டி வேலை இல்லை, தரகு வேலை. தட்டிப் பார்க்காமல் நல்ல காய் என்று சொன்ன தரகரை அடுத்த வருஷம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அதையும் பாடத்தில் சேருங்கள்.

லாசுப்பேட்டை, புதுச்சேரி:

பண்ருட்டி நண்பர் என் மனத்தை மாற்றிவிட்டார். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194எச் பிரிவும் கமிஷனையும் தரகையும் சேர்த்தே பேசியது. இன்னொன்றும் உண்டு. பலன் பெற்றுக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தரகு என்ற சொல் கையில் இருந்தால் வீடியோவின் கீழே 'இதில் எனக்குத் தரகு உண்டு' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 'இதில் எனக்கு இணைப்பு உண்டு' என்றால் யாருக்குப் புரியும்? என் முன்மொழிவு: பரிந்துரைத் தரகு.

திருப்பாதிரிப்புலியூர்:

பரிந்துரையை வினைத்தொகையாகக் கொண்டால் வலி மிகாது, 'பரிந்துரை தரகு' என்றாகும். பெயராகக் கொண்டு பரிந்துரைக்கான தரகு என்று விரித்தால் வலி மிகும். பின்னதே சரி. ஆனால் சேர்த்து எழுதிவிடாதீர்கள். 'பரிந்துரைத்தரகு' என்றால் பரிந்துரைத்த ரகு யார் என்று கேட்பார்கள். தரகு என்பது 'தரு' அடியில் பிறந்தது என்றே நினைக்கிறேன். விறகு, சிறகு ஈறுகளை ஒப்புநோக்கித் தனியாக எழுதுகிறேன்.

இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வீடு தேடுகிறவர்களும் மாடு வாங்குகிறவர்களும் தரகரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை நம் பெண்களின் தொழிலுக்குச் சூட்ட வேண்டுமா? 'பரிந்துரை வணிகம்' போதாதா?

மஞ்சக்குப்பம், கடலூர்:

ஐயா, நேற்று அந்த அக்காவிடமே கேட்டேன். மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பரிந்துரை வணிகத்தைப் படித்துவிட்டு, "கடை வைக்கணுமா?" என்றார். ஆற்றுப்படையைப் பார்த்து ஆற்று மணலா என்றார். பரிந்துரைத் தரகைப் படித்ததும், "ஓ, வித்துக் கொடுத்தா கமிஷன். முதல்ல கட்ட வேண்டியதில்ல, இல்ல?" என்று அவரே சொன்னார். நான் எதுவும் விளக்கவில்லை.

எனவே தலைப்பு 'பரிந்துரைத் தரகு'. கீழே, திரையில் அபிலியேட் என்று இருக்கும் என ஒரு வரி. காயைத் தட்டிப் பார்க்கும் தரகர் இரண்டாம் பக்கத்தில் வருகிறார். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர்:

சரி அம்மா, அச்சானது ஆகட்டும். என் மறுப்பைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். கையேட்டின் பின்னட்டையில் இடமிருந்தால் அந்தத் தொல்காப்பிய வரியை மட்டுமாவது போட முடியுமா?

மஞ்சக்குப்பம், கடலூர்:

நாலு விரல் இடம் இருக்கிறது ஐயா. அச்சகத்துக்குப் போன் செய்கிறேன்.